தேவதைக் கதை டாரட் கட்டு: நாள்பட்டபின் தெரிகிற பலமும் கோளாறும்

டாரட் என்பது படத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பலன் சொல்லும் சீட்டுக்கட்டு. தேவதைக் கதைப் படங்கள் போட்ட டாரட் கட்டு முதல் வாரத்திலேயே பிடித்துப்போகும். ரேப்பன்ஸல், சின்ட்ரெல்லா, ஓநாய் எல்லாம் தெரிந்த முகங்கள். பொருளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று தோன்றும். கோளாறு சில மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். எந்தக் கார்டு விழுந்தாலும் ரீடிங் (கார்டு பார்த்துப் பலன் சொல்வது) சுபமாகவே முடிய ஆரம்பிக்கும். கதை நமக்கு முடிவோடு சேர்ந்தே தெரியும் என்பதுதான் காரணம். வேலை நிலைக்குமா என்று கேட்டவருக்குத் தூங்கும் அழகி விழுந்தால், இளவரசன் வந்து எழுப்புவான் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கார்டில் இருப்பது தூக்கம் மட்டும்தான். எழுப்புகிறவன் அதில் இல்லை.

நீண்ட நாள் பயன்பாட்டில் கைகொடுப்பது ஒரே பழக்கம்: முழுக் கதையை ஓரமாக வைத்துவிட்டு, கதையின் எந்தக் கணம் கார்டில் இருக்கிறது என்று பார்ப்பது.

1992இல் அமெரிக்காவில் வெளியான இன்னர் சைல்ட் கார்ட்ஸ் இந்த வகையில் பலர் கையில் இருக்கும் கட்டு. வழக்கம்போல 78 கார்டுகள்: 22 பெரிய அர்கானா (ஃபூல், டெத் மாதிரி தனிப் பெயருள்ள முக்கியக் கார்டுகள்), 56 சின்ன அர்கானா (கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு இனங்கள்). ஃபூல் இடத்தில் சிவப்புத் தொப்பிச் சிறுமி, டெவில் இடத்தில் பெரிய கெட்ட ஓநாய், டவர் இடத்தில் ரேப்பன்ஸல், டெத் இடத்தில் தூங்கும் அழகி. சில பொருத்தங்கள் அபாரம். ஜாக்கையும் அவரைக்கொடியையும் ஹேங்டு மேன் (தலைகீழாகத் தொங்கும் ஆள்) இடத்தில் வைத்தது ஒட்டவில்லை. தொங்கிக்கொண்டு காத்திருப்பது ஜாக்கின் குணமே கிடையாது. அரக்கன் வீட்டில் தங்கப்பை, கோழி, யாழ் என்று அடுத்தடுத்துத் திருடுகிறவன் அவன். வழக்கமான டாரட்டில் கூடாரங்களிலிருந்து வாள்களைச் சுருட்டிக்கொண்டு நழுவும் ஆள் இருக்கிற வாள் ஏழு அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

ரேப்பன்ஸல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1909இல் வந்த, பலரும் பழகும் ரைடர் வெய்ட் கட்டில் டவர் கார்டு எப்படி இருக்கிறது? மின்னல் இறங்கி உச்சியிலுள்ள கிரீடம் பெயர்ந்து விழுகிறது, மூன்று ஜன்னல்களில் தீ, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் சொன்ன கதையில் கோபுரத்துக்குக் கதவோ படிக்கட்டோ கிடையாது, உச்சியில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். இருபது முழக் கூந்தல்தான் ஏணி. இளவரசன் ரகசியமாக ஏறி வரும் விஷயம் தெரிந்ததும் சூனியக்காரி கூந்தலை நறுக்கி, ரேப்பன்ஸலை ஆளில்லாத காட்டுக்கு விரட்டுகிறாள். பிறகு ஏறி வந்த இளவரசன் மேலிருந்து குதிக்கிறான், கீழே முட்கள் குத்திக் கண் போகிறது. ஆக, இங்கேயும் இரண்டு பேர் வெளியே தள்ளப்படுகிறார்கள், ஆனால் கோபுரம் இடியவே இல்லை. ரீடிங்கில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ரைடர் வெய்ட் டவர் விழுந்தால் அமைப்பே சரிகிறது என்போம். ரேப்பன்ஸல் விழுந்தால் கம்பெனி அப்படியே நிற்கும், நீங்கள்தான் வெளியே வருவீர்கள், ஏறிப்போன வழியும் அறுந்திருக்கும் என்று படிக்க வேண்டும். கண்ணீர் பட்டுப் பார்வை திரும்புவது பல வருடம் கழித்து நடப்பது. அதை இந்தக் கார்டிலேயே எடுத்துச் சொன்னால் தவறு.

தூங்கும் அழகிக்கும் டெத் கார்டுக்கும் உள்ள பொருத்தம் எண்ணில் இருக்கிறது. கிரிம் கதையில் நாட்டிலே பதின்மூன்று ஞானப் பெண்கள், அரண்மனையில் பன்னிரண்டு தங்கத் தட்டுகள். விருந்துக்கு அழைப்பில்லாத அந்த ஒருத்திதான் சாபம் இடுகிறாள். டெத் கார்டின் எண்ணும் 13. ரைடர் வெய்ட் படத்தில் எலும்புக்கூடு ஏந்திய கறுப்புக் கொடியில் வெள்ளை ரோஜா, கதையில் கோட்டையைச் சுற்றி முள்வேலி. நூறு வருடத் தூக்கம் முடிவதற்கு முன் நுழையப் பார்த்தவர்கள் முள்ளில் சிக்கிச் செத்தார்கள், கெடு முடிந்த அன்று வந்தவனுக்கு வேலி பூவாகித் தானே வழிவிட்டது. அவனுக்குத் தனித் திறமை எதுவும் இல்லை, வந்த நாள்தான் சரி. கேள்வி முயற்சி பற்றியதா நேரம் பற்றியதா என்று பிரிக்க இதைவிடத் தெளிவான கார்டு கட்டில் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் தொகுத்து வெளியிட்ட வடிவத்தை வைத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அங்கே அழைக்கப்பட்ட தேவதைகள் ஏழு பேர், அழைப்பில்லாமல் வந்தவள் எட்டாவது.

எந்த வடிவம் என்று முடிவு செய்யாமல் ரீடிங்கில் உட்கார்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பெரோவின் சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றதோடு கதை முடிந்துவிடும். வேட்டைக்காரன் வயிற்றைக் கிழித்து மீட்பதும், உள்ளே கல்லை நிரப்புவதும் கிரிமில் வருபவை. கண்ணாடிச் செருப்பும் பூசணி வண்டியும் பெரோவுடையவை. கிரிம் சின்ட்ரெல்லாவுக்கு உதவுவது தாயின் சமாதியில் முளைத்த ஹேசல் மரமும் பறவைகளும், செருப்பு தங்கம், அதற்குள் கால் நுழைய ஒரு அக்கா கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறாள். நம்மில் பெரும்பாலோர் மனதில் இருப்பது கார்ட்டூனில் பார்த்த சின்ட்ரெல்லா. அதில் இந்த ரத்தம் கிடையாது. தனக்குப் பொருந்தாத பதவிக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்பவருக்குச் சொல்ல வேண்டியதே அந்த ரத்தம்தான்.

கட்டைப் பழக்கும் முறை இது. முதலில் 22 பெரிய கார்டுகளை மட்டும் தனியே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் நான்கு வரி: எந்தக் கதை, யார் சொன்ன வடிவம், எந்தக் கணம், அந்தக் கணத்தில் அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் தெரியாதது என்ன. நான்காவது வரி எழுத வராத கார்டை மறுபடி கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் முடிவைத்தான் எழுதி வைத்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கார்டு போதும். 22 முடியும்வரை 56ஐத் தொட வேண்டாம்.

மூன்று கார்டு ‘நேற்று, இன்று, நாளை’ விரிப்பு (ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொருள் வைத்துக் கார்டுகளைப் பரப்பும் முறை) இந்தக் கட்டுக்குச் சரிப்படுவதில்லை. மூன்று தனிக் கதைகள் ஒன்றோடொன்று மோதும். ஐந்து இடம் வைத்தால் நன்றாக ஓடுகிறது: இல்லாதது, போடப்பட்ட தடை, உதவுகிறவர், உதவிக்கான விலை, அடுத்த அடி. ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் ப்ராப் 1928இல் மாயக் கதைகளைப் பிரித்துக் காட்டிய 31 செயல்களின் சுருக்கம் மாதிரி இது. ‘விலை’ என்ற இடத்தைத் தவிர்க்காதீர்கள். ஹான்ஸலும் கிரெட்டலும் அந்த இடத்தில் விழுந்தால் கூழாங்கல்லா ரொட்டித் துணுக்கா என்று கேளுங்கள். கல் வழி காட்டியது, ரொட்டியைப் பறவை தின்றது. வந்தவரின் ஏற்பாடு எந்த ரகம் என்று அவரே சொல்லிவிடுவார்.

சின்ன அர்கானாவில் உற்சாகம் குறையும். இன்னர் சைல்டில் கோப்பைகள் சிறகுள்ள இதயங்களாகவும் நாணயங்கள் பூமிப் படிகங்களாகவும் மாறியிருக்கின்றன. பேஜ், நைட், குயீன், கிங் முறையே குழந்தை, தேடுபவர், வழிகாட்டி, காவலர். ரைடர் வெய்ட்டில் பழகிய கைக்கு இது கொஞ்ச காலம் தடுமாறும். கேள்வி பணம், தேதி மாதிரி கறாராக இருந்தால் ரைடர் வெய்ட்டுக்கே போவது உத்தமம்.

தலைகீழ் கார்டுகளை (மேல்கீழ் மாறி விழுபவை) ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். நுணுக்கமான படம் கவிழ்ந்தால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. பழகியபின், கவிழ்ந்த கார்டை அதே கணத்தை எதிர்ப்பாத்திரம் பார்ப்பதாகப் படிக்கலாம். ஓநாய் கவிழ்ந்தால் ஓநாயின் பசி.

சூனியக்காரி விழுந்தவுடன் பார்க்க வந்தவர் “அது என் மாமியார்தான்” என்பார். உடனே ஆமோதித்தால் மீதி ரீடிங் முழுக்க அந்த அம்மாள் மேல் புகாராகிவிடும். “இந்தக் கணத்தில் அவங்க கையில என்ன இருக்கு, கத்தரிக்கோலா சாவியா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அடுத்த கார்டைத் திருப்பாதீர்கள்.