வின்லாட்டர் மிதிவண்டிப் பாதைகள்: மலையே வாசலில் இருக்கும் ஊரில் கட்டிய பாதை எதற்கு?

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள கெஸிக் நகரத்தைச் சுற்றி, ஒரு காலத்தில் பொதிகுதிரைகள் நடந்த பழைய கல்பாதைகள் பல இருக்கின்றன. மலைச் சைக்கிள் ஓட்டுவோர் பலர் அங்கே வருவதே அந்தப் பாதைகளுக்காகத்தான். அந்த ஊரிலிருந்து சற்றுத் தொலைவில், வின்லாட்டர் கணவாயின் உச்சியில், ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து என்ற அரசு வனத்துறை அமைப்பு மிதிவண்டிக்கென்றே பாதை வெட்டி, நிறக்குறி நட்டு, வாகன நிறுத்தமும் சிற்றுண்டிச்சாலையும் சேர்த்து ஒரு டிரெயில் சென்டரை நடத்துகிறது. கடற்கரையில் குடியிருப்பவர் நீச்சல் குளம் கட்டிக்கொண்டதைப் போன்ற வேலை இது என்று நான் பல காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு சரி என்று பார்ப்பதற்காக, என் தங்கையுடன் மூன்று நாள் தங்கி, கட்டிய பாதையையும் கட்டாத பாதையையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன்.

வின்லாட்டரில் முக்கியமான பாதைகள் இரண்டு. அல்டுரா என்பது சிவப்புத் தரம். வடக்கு, தெற்கு என இரண்டு சுற்றுகளாகப் பிரிந்து மொத்தம் 19 கிலோமீட்டர் ஓடுகிறது. குவெர்கஸ் என்பது நீலத் தரம். சுமார் ஏழரை கிலோமீட்டர். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடினம் கூடும் என்பதால், சிவப்பு என்றால் ஓரளவு பழகியவருக்கு உரியது என்று கொள்ளலாம். பாதைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வாகனம் நிறுத்துவதற்கு மட்டும் பணம் கட்ட வேண்டும்.

முதல் நாள் காலையிலிருந்தே மழை. லேக் டிஸ்ட்ரிக்டில் மழையைக் குறை சொல்வதில் பொருளில்லை. பாரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வைட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதற்கு அருகிலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5 அன்று முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவானது. டிரெயில் சென்டரின் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரிகிறது. அல்டுராவின் தரை நொறுக்கிய கல்லை இட்டு இறுக்கியது; பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் நீர் தேங்காமல் ஓரத்துக்கு வடிந்துவிடுகிறது. சக்கரத்தின் பிடி நழுவவில்லை, சேற்றில் புதையவில்லை. அதே மழையில் புல்வெளிப் பாதையில் இறங்கியிருந்தால் நானும் தடுமாறியிருப்பேன், என் சக்கரம் கீறிய தடத்தில் அடுத்த மழை ஓடைபோல் ஓடி மண்ணையும் அரித்திருக்கும்.

இறக்கத்தின் வளைவுகளில் பெர்ம் எனப்படும் சாய்தளம் இருக்கிறது. வெளிப்புறத்தை உயர்த்திக் கட்டியிருப்பதால், வளைவுக்கு முன்பே வேகத்தைச் சரிசெய்துகொண்டு, பிரேக்கை விட்டு, வண்டியைச் சாய்த்தால் போதும்; மிச்சத்தைப் பாதை பார்த்துக்கொள்கிறது. ஆனால் எனக்கு அந்த இன்பம் பாதிதான் கிடைத்தது. வண்டியை வாடகைக்கு எடுத்த கடையில் பின்பக்க பிரேக் கட்டை தேய்ந்து உலோகம் வரைக்கும் போயிருந்ததை நானும் பார்க்கவில்லை, கடைக்காரரும் பார்க்கவில்லை. முதல் நீண்ட இறக்கத்தில் அது கத்தத் தொடங்கியது. மாலையில் கட்டையை மாற்றித் தந்தார்கள் என்றாலும், வண்டியை எடுக்கும்போதே லீவரை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கட்டையின் தடிமனையும் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் நாள் வானம் வெளுத்தது. தங்கையைக் கெஸிக்கில் விட்டுவிட்டு, ஆஷ்னெஸ் பாலத்தின் வழியாக வாட்டெண்ட்லத் என்ற சிறு குடியிருப்புக்கு ஏறி, அங்கிருந்து ராஸ்த்வைட்டுக்கு இறங்கும் குதிரைப்பாதையில் ஓட்டினேன். இந்தப் பாதையில் பெர்ம் இல்லை, நிறக்குறி இல்லை. அரிப்பைத் தடுப்பதற்காகப் பாதையின் குறுக்கே கல் பதித்த வடிகால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பும் கை அகல உயரத்துக்குத் துருத்தி நிற்கிறது. முன்சக்கரத்தைச் சற்றே தூக்கித் தாண்டினால் வண்டி கடந்துவிடும். சோம்பேறித்தனமாக நேரே விட்டால் ரிம்மில் அடி விழும், டயருக்குள் டியூப் நசுங்கும். எந்தக் கல் அசையும், எது அசையாது என்பதைப் பாதை சொல்லாது; இரண்டு மீட்டர் முன்னே பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். முந்தைய நாள் சிவப்புப் பாதையை நிற்காமல் ஓட்டிய நான் இங்கே இரண்டு இடங்களில் இறங்கி நடந்தேன். கட்டிய பாதையின் நிறம் அந்தப் பாதைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் சான்றிதழ் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

இன்னொரு வேறுபாடு மனிதர்களைப் பற்றியது. டிரெயில் சென்டரில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். ராஸ்த்வைட் இறக்கத்தில் ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் எதிரே குதிரையில் ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். நான் இறங்கி, வண்டியைப் பள்ளத்துப் பக்கம் சாய்த்து, என் இருப்பு குதிரைக்குத் தெரியும்படி பேசிக்கொண்டே நின்றேன். என் பின்சக்கரம் சும்மா சுழலும்போது எழும் கடகட ஓசையில் அதன் காதுகள் விடைத்ததை அருகிலிருந்து பார்த்தேன். இந்தப் பழக்கத்தைக் கட்டிய பாதை கற்றுத்தர முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டம்தான் குதிரைப்பாதைகளில் மிதிவண்டிக்கு உரிமை தந்தது; நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது அந்த உரிமையோடு சேர்ந்து வந்த கடமை. அதே சட்டம், மிதிவண்டிக்காக அந்தப் பாதைகளைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு எந்த அமைப்புக்கும் கிடையாது என்றும் சொல்லிவிட்டது.

இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், டிரெயில் சென்டர் கட்டினால் மலைப்பாதைகளின் மேல் சுமை குறையும் என்ற வாதத்தை எடைபோட வேண்டும். மழை நாள் கூட்டத்தில் ஒரு பகுதியை வின்லாட்டர் வாங்கிக்கொள்கிறது என்பதை என்னால் நம்ப முடிகிறது, ஏனெனில் நானே அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் அங்கே ஓட்டப் பழகியவர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அடுத்த விடுமுறைக்கு வாட்டெண்ட்லத்துக்குத்தான் வருகிறார். பொதுப் பாதைகளின் மொத்த நீளத்தில் மிதிவண்டிக்கு உரிமையுள்ளது ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும்போது, அந்தச் சிறு பங்கைப் பேணாமல், சைக்கிள்காரர்களுக்குத்தான் காட்டில் இடம் கொடுத்துவிட்டோமே என்று கைகழுவ ஒரு சாக்காக டிரெயில் சென்டர் ஆகிவிடும் அபாயம் உண்டு.

உண்மையில், இத்தகைய சென்டர்கள் எங்கே எழுந்தன என்பதைத் தீர்மானித்தது ஓட்டுநர்களின் தேவை மட்டுமல்ல. முதல் உலகப் போரில் மரம் தீர்ந்துபோனதால் 1919இல் வனத்துறை ஆணையம் அமைக்கப்பட்டது. அது நட்டு வளர்த்த ஊசியிலைக் காடுகளில்தான் பெரும்பாலானவை எழுந்தன. நிலம் அரசின் கையில் இருந்தது, லாரி போகும் வழி இருந்தது, அனுமதி கேட்க ஒரே அலுவலகம் போதும். ஆடு மேயும் திறந்த மலைச்சரிவில் இதையே செய்ய யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது என்பது என் எண்ணம். பெரிய சென்டர் வராத இடத்தில் சிறிய வழியும் இருக்கிறது. பீக் டிஸ்ட்ரிக்டின் விளிம்பில், ஷெஃபீல்டை ஒட்டிய லேடி கேனிங்ஸ் தோப்பில், உள்ளூர் ஓட்டுநர்கள் நன்கொடை திரட்டி மாநகராட்சியின் ஒத்துழைப்போடு 2016இல் ஒரு நீலப் பாதையை வெட்டினார்கள். இயற்கைப் பாதைகளுக்குப் பேர்போன பகுதிகளுக்கு இந்த அளவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டடத்தை நம்புவதில் உள்ள சிக்கலை வேல்ஸில் பார்த்தோம். பிரிட்டனின் முதல் டிரெயில் சென்டராகக் கருதப்படும் கோய்ட் அ ப்ரெனினில், 2025 மார்ச் இறுதியோடு சிற்றுண்டிச்சாலையையும் கடையையும் நடத்துவதை அதற்குப் பொறுப்பான அரசு அமைப்பு நிறுத்தியது. பாதைகள் திறந்தே இருந்தன.

வின்லாட்டருக்கு வருகிறேன். நன்கு ஓட்டத் தெரிந்தவர் வெயில் நாளில் அங்கே போய் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. அல்டுராவின் தெற்குச் சுற்றை மட்டும் ஒரு மாலையில் முடித்துக்கொள்ளலாம். மழை நாளுக்கு அதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாது. புதியவருக்கோ குவெர்கஸ் ஒன்றே அந்தப் பயணத்துக்குப் போதிய காரணம். என் தங்கை மூன்றாம் நாள் அதில் மூன்று முறை சுற்றினாள். முதல் சுற்றில் ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்றியவள், கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமலே இரண்டு பெர்ம்களை அடுத்தடுத்துச் சாய்ந்து கடந்து, கீழே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு வாட்டெண்ட்லத் போகலாமா என்று கேட்டாள். முதலில் ஒரு நடைபாதைக் கல்லின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கப் பழகிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.