துடிப்பு மீண்டபின் மூளைக்கு எது உதவும்: அழுத்த அறையா, வெப்பக் கட்டுப்பாடா, பயிற்சியா?

நின்றுபோன இதயத்தை சிபிஆர் (நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவி) கொடுத்து மீட்டாயிற்று, ஆனால் நோயாளி கண் திறக்கவில்லை. ஆக்சிஜன் கிடைக்காமல்தானே மூளை அடிபட்டது, இப்போது நிறையக் கொடுத்தால் சரியாகிவிடாதா என்று வீட்டார் கேட்பது இயல்பு. ஹைப்பர்பேரிக் அறையை, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டி உள்ளே இருப்பவரைத் தூய ஆக்சிஜன் சுவாசிக்க வைக்கும் மூடிய அறையை, விற்பவர்களும் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

அறையின் அடிப்படை பொய்யில்லை. 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர், சிவப்பணுக்கள் ஏறக்குறைய நீக்கப்பட்ட பன்றிகளை 3 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் உயிரோடு வைத்துக் காட்டினார். ரத்தத் திரவத்தில் கரைந்த ஆக்சிஜனே போதுமானதாக இருந்தது. ஆனால் இந்த நோயாளிக்கு ரத்த ஓட்டம் திரும்பியதுமே ஆக்சிஜன் வந்துவிடுகிறது. அதன்பின் மூளையைக் கெடுப்பவை வேறு: வீக்கம், மிகை ஆக்சிஜன் கிளப்பும் ரசாயனச் சேதம். 2010-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் மிகையாக இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்; அளவாக இருந்தவர்களில் 45 சதவீதம். இது காரணத்தை நிரூபிக்கவில்லை, எச்சரிக்கை மணி மட்டுமே. இருந்தாலும் ஐரோப்பிய வழிகாட்டுதல் ரத்தத்தில் 94 முதல் 98 சதவீத ஆக்சிஜன் செறிவே போதும் என்கிறது.

இன்னொரு சங்கடம்: சிபிஆரில் விலா எலும்பு முறிவது சகஜம். அது நுரையீரலைக் கிழித்து நெஞ்சுக்குள் காற்று தேங்கியிருந்தால், அதை வெளியேற்றாமல் அறைக்குள் அனுப்பவே கூடாது. வென்டிலேட்டரும் சொட்டு மருந்துமாகக் கிடப்பவரை மூடிய குழாய்க்குள் வைத்துவிட்டு, திடீரென்று துடிப்பு தடுமாறினால் கை எட்டுமா?

வெப்பக் கட்டுப்பாட்டின் கதை இதைவிட நேர்மையானது. 2002-இல் உடலை 32–34 டிகிரிக்குக் குளிர்வித்தால் நல்லது என்றார்கள். 2021-இல் சுமார் 1,900 பேரிடம் நடந்த சோதனையில், 33 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் காய்ச்சலை மட்டும் தடுத்தாலும் ஆறு மாத இறப்பு 50, 48 சதவீதம் என்று ஏறக்குறைய சமமாகவே வந்தது. சரி, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வோம் என்று மருத்துவம் இறங்கி வந்தது.

மாதங்கள் கழித்து நினைவாற்றலுக்காக அறையை நாடுவது தனி விவகாரம். அங்கே ஆபத்து குறைவு, ஆதாரமும் குறைவு. இஸ்ரேலில் 60 அமர்வுகள் கொடுத்த ஆய்வில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதில் இருந்தது 11 பேர், ஒப்பிட வேறு குழு இல்லை. காசு அளவாக இருந்தால் நான் பிசியோதெரபிக்கும், பேச்சு, நினைவாற்றல் பயிற்சிக்கும்தான் முதலில் செலவழிப்பேன். அதற்குப் பிறகும் அறை என்றால், முதலில் இதய மருத்துவரிடம் கேளுங்கள்: இதயம் பலவீனமாக இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கலாம், பொருத்திய பேஸ்மேக்கரும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.