கஸ்டம் ஃபிகர் பெயின்ட் பண்ண ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

ஆன்லைன்ல கஸ்டம் ஆக்‌ஷன் ஃபிகர் பெயின்ட் பண்ணித் தரேன்னு ஆர்டர் எடுக்கற ஒருத்தர்கிட்ட என்னோட 6 இன்ச் ஃபிகர் ஒண்ண ரீபெயின்ட்டுக்கு அனுப்புனேன், காசு முழுசும் முன்னாடியே வாங்கிட்டாரு, திரும்பி வந்தது தொட்டா கையோட வர்ற ஒரு பிசுபிசு பொம்மை. ஆள் பேர் போட மாட்டேன். ஆனா என்ன பண்ணி வச்சிருந்தாருன்னு முழுசா சொல்றேன், ஏன்னா இதே மாதிரி அவசர வேலை பண்றவங்க நெறைய பேர் இருக்காங்க, ஃபோட்டோவுல கண்டுபிடிக்கவே முடியாது.

சாட்ல சொன்னது என்னன்னா, ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட்ட மெல்லிசா பீச்சற கருவி), தண்ணியில கரைக்கற வாட்டர் பேஸ் அக்ரிலிக், ஜாயின்ட் எல்லாம் கழட்டி சாண்ட் பண்ணி அடிப்பேன், மேல மேட் வார்னிஷ். அனுப்புன ஃபோட்டோவும் சும்மா சொல்லக் கூடாது, அட்டகாசமா இருந்துச்சு. பார்சல பிரிச்சா கேப் (முதுகுல தொங்கற அங்கி) மேல பபுள் ராப்போட வட்டம் வட்டமா அச்சு விழுந்திருக்கு! கேட்டா "இன்னும் கியூர் ஆகல பாஸ், ஃபேன் காத்துல வைங்க சரியாயிடும்"னாரு, கியூர்னா பெயின்ட் முழுசா இறுகறது. வச்சேன். வாரக்கணக்குல வச்சும் ஆகல, தூசியும் முடியும் ஒட்டுனதுதான் மிச்சம்.

அது ஆகவும் ஆகாது, ஏன்னு புரிஞ்சுக்கோங்க. ஃபிகர்ல கேப், தலை, கை மாதிரி வளையற பாகமெல்லாம் பெரும்பாலும் சாஃப்ட் பிவிசி. பிவிசி தானா கட்டியான பிளாஸ்டிக், அத வளைய வைக்கறதுக்காக உள்ள பிளாஸ்டிசைசர்னு ஒண்ணு கலப்பாங்க. தின்னர் மாதிரி கரைப்பான்ல கலக்கற சால்வென்ட் பேஸ் ஸ்ப்ரே, எனாமல் இதையெல்லாம் அது மேல அடிச்சா அந்த பிளாஸ்டிசைசர் மெல்ல பெயின்ட்டுக்குள்ள ஏறி அத இறுக விடாம இளக்கிக்கிட்டே இருக்கும், ஃபேன்ல வச்சாலும் வெயில்ல வச்சாலும் பிசுபிசுப்பு போகாது. பவுடர் தூவுனா கொஞ்ச நாளைக்கு மறையும், அவ்ளோதான்.

இதக் கேட்டதும் அவர் சொன்ன பதில்தான் உச்சம், "கேன்லயே பிளாஸ்டிக், பிவிசிக்கு அடிக்கலாம்னு போட்டிருக்கே"ன்னாரு. அதாவது ஏர்பிரஷ் அக்ரிலிக்னு சொல்லி காசு வாங்கிட்டு ஸ்ப்ரே கேன் அடிச்சத அவரே ஒத்துக்கிட்டாரு. கேன்ல அப்படிப் போட்டிருக்கறது உண்மையாவே இருக்கலாம், ஆனா அது சேர், பைப் மாதிரி கட்டி பிளாஸ்டிக்க நெனச்சு எழுதுனது. பைப்ல இருக்கற பிவிசியில பிளாஸ்டிசைசர் கிடையாது, அதான் அது வளையாம நிக்குது. பேரு ஒண்ணுங்கறதால ரெண்டும் ஒரே மாதிரி பெயின்ட்ட ஏத்துக்கும்னு நம்பிடாதீங்க.

இன்னும் சந்தேகம் தீரல எனக்கு. ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பஞ்ச நனச்சு பாதத்துக்கு அடியில தேச்சுப் பாத்தேன், வாட்டர் பேஸ் அக்ரிலிக்கா இருந்தா இளகி பஞ்சுல கலர் வந்திருக்கும், இதுல ஒரு பொட்டு வரல, டர்பன்டைன் வச்சதும் வழிஞ்சுக்கிட்டு வருது. எனாமல்தான்.

அடுத்து ஜாயின்ட். கைய தூக்குனா அக்குள்ல பழைய நீலம் அப்படியே வட்டமா தெரியுது, கழட்டவே இல்ல, நிக்க வச்சு ஒரே அடியா அடிச்சிருக்காரு. முழங்கை மடக்குன இடத்துல பெயின்ட் தோலா உரிஞ்சு வந்துச்சு. முட்டி ரெண்டும் ஒட்டிப் போய் மடங்கவே இல்ல, ஹேர் டிரையர் சூட்டுல மெதுவா திருப்பியும் ஜாயின்ட்ட கோக்கற ஒரு பெக் (சின்ன முளை) உடஞ்சு போச்சு. ஒழுங்கா பண்றவங்க சுடு தண்ணியில போட்டு பிளாஸ்டிக் இளகினதும் பாகம் பாகமா கழட்டுவாங்க, டிஷ் சோப் போட்டு கழுவி எண்ணெய்ப் பிசுக்க எடுப்பாங்க, ஒண்ணோட ஒண்ணு உரசற பக்கத்த சாண்ட் பண்ணி பெயின்ட்டோட கனத்துக்கு எடம் விடுவாங்க. சில பேரு ஜாயின்ட்டுக்கு பெயின்ட்டே போடாம சிந்தெடிக் துணிக்கான டைல ஊற வச்சு கலர் ஏத்திடுவாங்க, அது உரியவே உரியாது, எனக்குத் தெரிஞ்சு அதான் பெஸ்ட், ஆனா வெளிர் கலர்ல இருந்து அடர் கலருக்குத்தான் போக முடியும்.

மூஞ்சி பத்தி பேசவே வயிறு எரியுது. ஃபேக்டரி பிரின்ட்ல வந்த கண்ணு மேலயே கெட்டியா அடிச்சதுல இமை, உதட்டுக் கோடு எல்லாம் மூடிப் போச்சு. அக்ரிலிக்க பால் பதத்துக்குக் கரச்சு, ஒரு கோட் காஞ்சப்புறம் அடுத்ததுன்னு மெல்லிசா ஏத்தணும், முதல் கோட் திட்டுத்திட்டா அசிங்கமாதான் இருக்கும், அந்தப் பொறுமை இவருக்கு இல்ல.

காச திருப்பிக் கேட்டா "நீங்க ரஃப்பா ஹேண்டில் பண்ணீங்க", அப்புறம் "கிளைமேட்", அப்புறம் "இது டிஸ்ப்ளே பீஸ், யாரு கைய கால மடக்கச் சொன்னா", கடைசியில பிளாக். ஜாயின்ட் வேலைக்குன்னு தனியா காசு வாங்குன ஆளுங்க அது!

ஆர்டர் குடுக்கறவங்க எந்த பெயின்ட்டுன்னு கேளுங்க, பிராண்ட் பேரோட விட்டுடாதீங்க. டாமியான்னு (Tamiya, மாடல் பெயின்ட் பிராண்ட்) சொன்னா அது பதிலே இல்ல, டாமியாவுல அக்ரிலிக் இருக்கு, எனாமல் இருக்கு, லேக்கர் இருக்கு. அதுலயும் அக்ரிலிக், எனாமல் ரெண்டுக்கும் எக்ஸ் (X), எக்ஸ்எஃப்னு (XF) ஒரே மாதிரி நம்பர்தான், அதனால பாட்டில் ஃபோட்டோவே வாங்குங்க. வயேஹோ (Vallejo) மாடல் கலர், சிட்டாடல் (Citadel) மாதிரி வாட்டர் பேஸ் அக்ரிலிக்னு சொன்னா கொஞ்சம் நம்பலாம். வேலை நடக்கறப்போ பாகம் கழட்டி வச்ச ஃபோட்டோ கேளுங்க, முடிஞ்சதும் முட்டி, முழங்கை, தோள் எல்லாம் மடக்கிக் காட்டுற வீடியோ பாத்துட்டு மீதிய குடுங்க. முடிஞ்சா அவர் பழைய கஸ்டமர் யார்கிட்டயாவது பல மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு விசாரிங்க, புது ஃபோட்டோ எல்லாருக்கும் நல்லாதான் இருக்கும்.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க கோவத்துல அசிட்டோன எடுத்துடாதீங்க, பெக்கும் கட்டியான பாகமும் பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டா கரஞ்சிடும். நான் டர்பன்டைன் தொட்ட பஞ்சால கொஞ்சம் கொஞ்சமா தொடச்சு உடனே சோப்புத் தண்ணில கழுவி, உடம்பையும் காலையும் ஓரளவு மீட்டுட்டேன், உடஞ்ச பெக்குக்கு வேற ஃபிகர்ல இருந்து முட்டி எடுத்துப் போட்டாச்சு. கேப் தேறல, தலைய இன்னும் தொடல. அவர் பேஜ்ல மட்டும் என் ஃபிகரோட ஃபோட்டோதான் இன்னும் கவர் பிக்சரா ஓடிக்கிட்டிருக்கு.