வட்டத்தின் நடுவில் யார்? ஃபுகுவோக்கா, நகோயா, கான்சாய்: ஓர் ஒப்பீடு

ஜப்பானில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக ஒரு மாநகரம் கையேடு அச்சடித்தால், அதில் ஒரு வரைபடம் இல்லாமல் இருக்காது. நடுவில் அந்த ஊர், சுற்றிலும் வட்டம் வட்டமாகக் கோடுகள். ஃபுகுவோக்காவின் வட்டங்களில் பூசான் 200 கிலோமீட்டர் சொச்சம், சோல் 500 சொச்சம், ஷாங்காய் 900க்குள் வந்துவிடும். நகோயாவின் வட்டம் சின்னது. ஊரைச் சுற்றி 100 கிலோமீட்டர்தான், ஆனால் ஐச்சி, கிஃபு, மியே மாகாணங்களின் தொழிற்சாலைகள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கான்சாய்க்காரர்கள் ஒசாகா, கியோட்டோ, கோபே மூன்றையும் ஒரே வளையத்துக்குள் அடக்கிக் காட்டுவார்கள்.

கவராயத்தை எங்கே ஊன்றினாலும் அந்த இடம் நடுவாகத்தான் தெரியும். 'எங்கள் ஊருக்குப் போக்குவரத்துத் தொடர்பு நன்றாக இருக்கிறது' என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். மூன்று பேரும் சொல்வது உண்மைதான். எதனோடு தொடர்பு என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கையேட்டின் அழகைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அப்புறம் ரயிலில் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

டோக்கியோவை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதற்கு விளம்பரம் தேவையில்லை.

மூன்றுக்கும் பொதுவான இரண்டு விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் ஜப்பானுக்குள் வந்திருக்கும் அந்நிய நேரடி முதலீடு, வளர்ந்த நாடுகளிலேயே கடைசி வரிசையில் இருக்கிறது. அதனால்தான் 2030க்குள் 100 லட்சம் கோடி யென் என்று 2023-ல் அரசு இலக்கு வைத்தது. அதே அரசு 2025 அக்டோபரில், தொழில் நடத்த வரும் வெளிநாட்டவருக்கான விசாவின் மூலதன வரம்பை 50 லட்சம் யெனிலிருந்து 3 கோடி யெனாக ஒரேயடியாக உயர்த்தியது. முழுநேர ஊழியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. வா என்று அழைத்துவிட்டு வாசற்படியை உயர்த்திய கதை. எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் படியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

ஃபுகுவோக்கா: ஐந்து நிமிடக் கணக்கு

விற்பதில் ஃபுகுவோக்காதான் கெட்டிக்கார ஊர். 2010 முதல் மேயராக இருக்கும் சோய்ச்சிரோ தகாஷிமா முன்பு தொலைக்காட்சி அறிவிப்பாளர். ஊரை எப்படிப் பேசி விற்பது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014-ல் புதுத்தொழில்களுக்கான தேசியச் சிறப்பு மண்டலம் என்ற அந்தஸ்து கிடைத்தது. அடுத்த ஆண்டே, முழு மூலதனமும் கையில் இல்லாத வெளிநாட்டுத் தொழில்முனைவோருக்கு ஆயத்த காலம் தரும் ஸ்டார்ட்அப் விசாவை ஆரம்பித்தார்கள். நகரத்தின் மையத்தில் மூடிக்கிடந்த தொடக்கப் பள்ளிக் கட்டடத்தை 2017-ல் ஸ்டார்ட்அப் கூடமாக மாற்றினார்கள். ஒருகாலத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்த அறைகளில் இன்று இளைஞர்கள் மடிக்கணினியோடு முதலீட்டுக்குப் பேசுகிறார்கள்.

ஆனால் கையேட்டின் கதாநாயகன் விமான நிலையம்தான். சுரங்க ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஹகாட்டா, ஊரின் முக்கிய ரயில் நிலையம். ஐந்து நிமிடம். கடைவீதியும் அலுவலகங்களும் உள்ள டென்ஜினுக்குப் பதினொரு நிமிடம். உலகத்தில் இவ்வளவு பக்கத்தில் விமான நிலையம் வைத்திருக்கும் பெருநகரங்கள் அதிகமில்லை.

சரி, இந்த ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சுரங்க ரயில் நிலையம் இருப்பது உள்நாட்டு முனையத்தின் அடியில். வெளிநாட்டிலிருந்து வருபவர் இறங்குவது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் உள்ள பன்னாட்டு முனையத்தில். அங்கிருந்து இலவசப் பேருந்து பிடித்து, ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வந்த பிறகுதான் ரயில். அதாவது எந்த விருந்தாளிக்காகக் கையேடு அச்சடித்தார்களோ, அவருக்கு மட்டும் அந்த ஐந்து நிமிடம் பொருந்தாது!

ஊருக்குள் விமான நிலையம் இருப்பதற்கு வேறு விலையும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் விமானம் இறங்கக் கூடாது. 2023 பிப்ரவரியில் டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து தாமதமாகக் கிளம்பிய ஒரு விமானம், ஃபுகுவோக்காவை நெருங்கும்போது நேரம் கடந்துவிட்டது. கான்சாய் விமான நிலையத்துக்குப் போய் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, முந்நூறு சொச்சம் பயணிகளோடு நள்ளிரவு தாண்டிக் கிளம்பின இடத்துக்கே திரும்பியது. விமானப் பாதைக்காக நகர மையத்தில் கட்டடங்களின் உயரத்தையும் அமுக்கி வைத்திருந்தார்கள். 2015-ல் தொடங்கிய டென்ஜின் மறுசீரமைப்பில்தான் அது தளர்ந்தது. 2025 மார்ச்சில் இரண்டாவது ஓடுபாதை வந்ததில் நெரிசல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கையேட்டில் பெரிய எழுத்தில் இல்லாத இன்னொரு விஷயம் தண்ணீர். ஃபுகுவோக்காவில் பெரிய ஆறு கிடையாது. 1978 வறட்சியில் 287 நாட்கள் குழாய்த் தண்ணீரை அளந்து விட்டார்கள். 1994-ல் மறுபடியும் அதே கதி. 2005-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 5 கோடி லிட்டர். மீஞ்சூரையும் நெம்மேலியையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் குடிக்கும் ஆலைகள் பெருகவில்லை. ஊர் சேவைத் தொழிலை நம்பி வளர்ந்தது. ஃபுகுவோக்கா இருக்கும் கியூஷு தீவுக்கான டோக்கியோ நிறுவனங்களின் கிளைகள் வரிசையாக உட்கார்ந்தன. ஜப்பானியர்களே இதைக் 'கிளை அலுவலகப் பொருளாதாரம்' என்பார்கள். மென்பொருள் நிறுவனத்துக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் பெரிய வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டுமென்றால், முடிவெடுப்பவர் டோக்கியோவில் இருப்பார். ரயிலில் ஐந்து மணி நேரம், அல்லது மறுபடி விமானம்.

நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்தது

இத்தனை விளம்பரத்துக்கும் அப்பால், கியூஷுவுக்கு வந்த மிகப் பெரிய அந்நிய முதலீடு ஃபுகுவோக்காவுக்கு வரவில்லை. அதற்குத் தெற்கே, குமமோட்டோ மாகாணத்தில் கிகுயோ என்ற சிற்றூருக்குப் போனது. தைவானின் டிஎஸ்எம்சி, சோனியையும், வாகன உதிரிபாகம் செய்யும் டென்சோவையும், டொயோட்டாவையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு அங்கே சிப் ஆலை கட்டியது. 2024 பிப்ரவரியில் திறப்பு விழா. முதல் ஆலைக்கு அரசு தர ஒப்புக்கொண்ட மானியம் மட்டும் 47,600 கோடி யென் வரை.

ஏன் கிகுயோ? சோனியின் பட உணரி (கேமராவுக்கான சிப்) ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் வாடிக்கையாளர் வேலிக்கு அந்தப் பக்கம். சிப் வேலை தெரிந்த ஆட்கள் கியூஷுவில் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். அப்புறம் தண்ணீர். சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் குமமோட்டோ நகரம் குடிநீர் முழுவதையும் நிலத்தடியிலிருந்து எடுக்கிறது. ஆஸோ எரிமலையின் அடிவாரத்து மண் மழையை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடுகிறது. அந்த நீர் வற்றாமலிருக்க ஒரு ஏற்பாடும் உண்டு. பயிரில்லாத மாதங்களில் விவசாயிகள் வயலில் வரப்பு கட்டி ஆற்று நீரைத் தேக்கி வைப்பார்கள். அது மெல்ல இறங்கி நிலத்தடிக்குச் சேரும். அதற்கான செலவைத் தண்ணீர் எடுக்கும் ஆலைகள் தரும். சோனி இருபது வருடத்துக்கு மேலாகத் தருகிறது.

போக்குவரத்துத் தொடர்பைப் பார்த்தால் அந்த இடத்துக்குச் சுமார் மதிப்பெண்தான். குமமோட்டோ விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. ஆலை வந்த பிறகு சாலை நெரிசல், நில விலை ஏற்றம் என்று ஊர்க்காரர்களின் புலம்பல் தனி. ஆனால் 2023 செப்டம்பரில் தைபேயிலிருந்து குமமோட்டோவுக்கு நேரடி விமானங்கள் ஓட ஆரம்பித்தன. விமானத்துக்காக ஆலை வரவில்லை, ஆலைக்காக விமானம் வந்தது. நகராட்சிகளின் விளம்பரத் துறையினர் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒரு ஆவல் உண்டு.

நகோயா: சொல்லத் தெரியாத பணக்காரர்

விற்கச் சரக்கு அதிகம் இருந்தும் விற்கத் தெரியாத ஊர் என்றால் நகோயாதான். 1992-ல் புதிதாக விட்ட நொசோமி புல்லட் ரயில்களில் ஒன்று நகோயாவில் நிற்காமல் கடந்து போனது. ஊரே கொதித்துவிட்டது. இன்றைக்கு எல்லா நொசோமியும் அங்கே நிற்கின்றன. ஆனால் 'நகோயாவைத் தாண்டிப் போவது' என்ற சொல் மட்டும் நிலைத்துவிட்டது. வெளிநாட்டுப் பாடகர் நகோயாவை விட்டு டோக்கியோவிலும் ஒசாகாவிலும் மட்டும் பாடினால் இன்றும் அந்தச் சொல்தான் வருகிறது.

டோக்கியோவுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம், ஷின்-ஒசாகாவுக்கு ஐம்பது நிமிடம். நாட்டின் இரண்டு பெரிய சந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர் இதுதான். சரக்கின் எடையில் ஜப்பானின் முதல் துறைமுகம் இருபது வருடத்துக்கும் மேலாக நகோயா. போயிங் 787-ன் முக்கிய இறக்கைகளை இங்கே செய்து, சென்ட்ரேர் விமான நிலையத்திலிருந்து தொப்பை பெருத்த ஒரு சரக்கு விமானத்தின் வயிற்றில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். கையேட்டின் அட்டையில் போட வேண்டிய படம் அது.

குறை இல்லாமல் இல்லை. காந்த விசையில் மிதந்து ஓடும் காந்த ரயில் 2027-ல் வந்துவிடும், டோக்கியோ நாற்பது நிமிடம் என்று பல வருடம் விளம்பரம் செய்தார்கள். பாதை ஷிசுவோக்கா மாகாணத்தின் அடியில் சில கிலோமீட்டர் போகிறது. அங்கே நிலையமும் கிடையாது, சுரங்கத்தால் ஓய் ஆற்று நீர் குறையும் என்ற பயம் மட்டும் மிச்சம். அந்தத் தகராறில் திட்டம் இழுத்துக்கொண்டே போய், 2024-ல் '2034க்கு முன்னால் இல்லை' என்றார்கள். காந்த ரயிலை நம்பி நகோயாவில் அலுவலகம் பிடிப்பவரை நான் தடுப்பேன். துறைமுகமும் 2023 ஜூலையில் இணையத் தாக்குதலில் கணினி முடங்கிச் சுமார் இரண்டரை நாள் கொள்கலன்களை நகர்த்த முடியாமல் நின்றது.

இந்த ஊரோடு உண்மையான தொடர்பு என்பது டொயோட்டாவின் விநியோக வலைக்குள் நுழைவதுதான். டென்சோவும் ஐசினும் கரியாவில், நகோயாவிலிருந்து இருபது நிமிட ரயில். உள்ளே நுழைய ஆண்டுக்கணக்கில் ஆகும், நுழைந்தால் எளிதில் வெளியே தள்ள மாட்டார்கள். 2024 அக்டோபரில் திறந்த ஸ்டேஷன் ஐ என்ற பிரம்மாண்ட ஸ்டார்ட்அப் மையமும் இந்த ஆலைகளோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

கான்சாய்: மூன்று ஊர், மூன்று விமான நிலையம்

கான்சாயைப் பற்றிச் சுருக்கமாக: எல்லாம் இருக்கிறது, ஒன்றாக இல்லை. 1970களின் தொடக்கத்தில் கோபேக்கு எதிரே கடலில் விமான நிலையம் கட்டலாம் என்றபோது கோபே வேண்டாம் என்றது. அது தெற்கே போய் 1994-ல் கான்சாய் விமான நிலையமாகத் திறந்தது. பிறகு கோபே மனம் மாறி, 2006-ல் தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டது. ஒசாகாவின் இத்தாமி நிலையம் ஏற்கெனவே உள்நாட்டு விமானங்களோடு ஊருக்குள் இருக்கிறது. ஆக மூன்று. கான்சாய் நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், ஃபுகுவோக்காவுக்கு இல்லாத வசதி. ஆனால் தீவுக்கு ஒரே பாலம். 2018 செப்டம்பர் புயலில் ஒரு டேங்கர் கப்பல் அந்தப் பாலத்தில் மோத, ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்க, ஆயிரக்கணக்கானோர் ஒரு ராத்திரி முழுக்கத் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

ஒசாகா வியாபாரிகளின் ஊர். 'லாபம் வருகிறதா?' என்பதே பழைய முகமன், 'ஏதோ போகுது' என்பது பதில். கியோட்டோவில் நின்டெண்டோ, கியோசெரா, ஷிமாட்சு.

ஆனால் எனக்குக் கோபேதான் கான்சாயின் துருப்புச் சீட்டு. 1995 பூகம்பத்துக்குப் பின் ஊரைத் தூக்கி நிறுத்த ஒரு செயற்கைத் தீவில் மருத்துவத் தொழில் பூங்கா தொடங்கினார்கள். இன்று அங்கே நூற்றுக்கணக்கான நிறுவனங்கள், பக்கத்திலேயே ஃபுகாகு சூப்பர் கணினி. பி அண்ட் ஜி, நெஸ்லே, மருந்து நிறுவனமான ஈலை லில்லி (Eli Lilly) மூன்றின் ஜப்பான் தலைமையகங்களும் கோபேயில்தான். வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம் இங்கே நூறு வருடத்துப் பழக்கம். 1923 பூகம்பத்தில் யோகஹாமா அழிந்தபோது அங்கிருந்த இந்திய வணிகர்கள் பலர் கோபேக்குக் குடிபெயர்ந்தார்கள். கித்தானோ பகுதியில் சமணக் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன. பருப்பு எங்கே கிடைக்கும், வீட்டுக்காரர் வெளிநாட்டவருக்கு வீடு தருவாரா என்ற கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் உள்ள ஊர்.

ஆகட்டும், எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு கேள்விதான் கேட்பேன்: செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யாரைச் சந்திக்கப் போகிறீர்கள்? ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்பவர் என்றால் நகோயா. ஃபுகுவோக்காவின் கையேடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மருந்து, மருத்துவக் கருவி, அல்லது மனைவி மக்களோடு நீண்ட காலம் தங்கும் எண்ணம் என்றால் கோபே. வாடிக்கையாளர்கள் சோலிலும் தைபேயிலும் இருக்க, ஐந்தாறு பேரோடு தொடங்கும் மென்பொருள் நிறுவனம் என்றால் ஃபுகுவோக்காவை மிஞ்ச இன்னொன்று இல்லை. வாடகையும் டோக்கியோவைவிடக் குறைவு, விசாவில் அந்த ஆயத்த காலமும் உதவும். பெரிய ஆலை என்றால் மூன்று கையேடுகளையும் ஓரமாக வைத்துவிட்டு நிலத்தடி நீர் வரைபடத்தை எடுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஜப்பான் அரசின் வெளிநாட்டு வணிக அமைப்பான ஜெட்ரோவின் சென்னை அலுவலகத்தில் பேசிவிடுவது நல்லது. நகோயா, ஒசாகா, கோபே, ஃபுகுவோக்கா எல்லா ஊரிலும் அவர்களுக்கு முதலீட்டு உதவி மையங்கள் உண்டு. தகுதியுள்ள நிறுவனத்துக்கு 50 வேலை நாட்கள் வரை வாடகையில்லாத தற்காலிக அறையும் தருவார்கள். சிங்கப்பூர் வழியாக மூன்று பகுதிக்கும் விமானம் இருக்கிறது. ஃபுகுவோக்காவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், இறங்கியதும் ரயிலைத் தேடாதீர்கள், வெளியே அந்த இலவசப் பேருந்து நிற்கும்.