அமெரிக்க அரசமைப்புச் சட்டம், சட்டைப்பைப் பதிப்பு: வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அது குடியரசு, ஜனநாயகம் இல்லை" என்று ஒருவர் சொல்வார். சொல்பவர் ஆதாரமாக நீட்டுவது பெரும்பாலும் இந்தச் சின்னப் புத்தகத்தைத்தான். 1787இல் எழுதிய 7 பிரிவுகள், பின்னால் சேர்ந்த 27 திருத்தங்கள், அவ்வளவுதான். மூலப் பகுதி சுமார் 4,500 சொற்கள். ஒரே மாலையில் படித்துவிடலாம். பல பதிப்புகள் கிடைக்கின்றன. தவறான பதிப்பு கையில் இருந்தால் வாதமும் தவறாகப் போகும்.

முதலில் கடைசித் திருத்தத்தைப் பாருங்கள். அது 27ஆவதாக, 1992 என்ற ஆண்டோடு இருக்க வேண்டும். 26உடன் முடிந்தால் பழைய அச்சு. பழைய புத்தகக் கடைகளில் இது அகப்படும்.

அடுத்தது இன்னும் முக்கியம். காலாவதியான வரிகளுக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கிறதா? 1ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் என்கிறது. 1913இல் வந்த 17ஆம் திருத்தம் அந்த உரிமையை வாக்காளரிடம் கொடுத்துவிட்டது. மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று பார்க்கும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடும் வரியும் மூலத்தில் அப்படியே இருக்கும். அதை மாற்றியது 1868இன் 14ஆம் திருத்தம். குறிப்பு இல்லாத பதிப்பை முன்பக்கத்தில் தொடங்கிப் பாதியில் மூடிவைத்தவர், 1787இன் அமெரிக்காவைத்தான் இன்றைய அமெரிக்கா என்று நினைத்துக்கொள்வார். பழைய வரியையும் விட்டுவைத்து, எந்தத் திருத்தம் எப்போது மாற்றியது என்றும் சொல்லும் பதிப்பே வாங்கத் தக்கது.

அரசு வெளியீட்டு அலுவலகத்தின் சட்டைப்பைப் பதிப்பில் பொருளடைவும் விடுதலைப் பிரகடனமும் சேர்ந்து வருகின்றன. பொருளடைவு மிகவும் பயன்படும். பிரகடனத்தில் மட்டும் கவனம் தேவை. ஆள்வோரின் அதிகாரம் ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்து வருகிறது என்ற புகழ்பெற்ற கருத்து அதில்தான் இருக்கிறது, சட்டத்தில் இல்லை. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி வாதத்துக்கு வருவோம். 'ஜனநாயகம்' என்ற சொல் இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 4ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசு முறை ஆட்சியை உறுதி செய்கிறது. "ஜனநாயகம் இல்லை" என்று சாதிப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்காமல் 15, 17, 19, 24, 26ஆம் திருத்தங்களை வரிசையாகப் படியுங்கள். இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது (1870), செனட்டுக்கு நேரடித் தேர்தல் (1913), பெண்களுக்கு வாக்கு (1920), கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்ற வரி) கட்டினால்தான் வாக்கு என்ற நிபந்தனை கூடாது (1964), 18 வயதில் வாக்கு (1971). மக்கள் கைக்கு அதிகாரம் படிப்படியாக வந்த வரலாறு இந்த ஐந்திலும் இருக்கிறது.

இந்தச் சட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனையும் பாதிதான் மேற்கோள் காட்டுகிறார்கள். சட்டத்தை ஏற்கச் சொல்லி அப்போது வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 10ஆவதில் அவர் குடியரசிலிருந்து பிரித்துக் காட்டும் 'தூய ஜனநாயகம்', குடிமக்கள் நேரில் கூடித் தாங்களே ஆளும் முறை. பிரதிநிதிகள் வழியாக ஆள்வதை அவர் குடியரசு என்றார். 39ஆவது கட்டுரையில், குடியரசின் அதிகாரம் முழுவதும் நேராகவோ சுற்றுவழியாகவோ பெருந்திரளான மக்களிடமிருந்தே வர வேண்டும் என்கிறார். இன்று உலகம் ஜனநாயகம் என்று சொல்வது இதைத்தான். குடியரசு, அதாவது மன்னர் இல்லை என்பது ஒரு கேள்விக்குப் பதில். ஆள்வோரை மக்கள் மாற்ற முடியுமா என்பது வேறு கேள்வி. மன்னரை வைத்துக்கொண்டே பிரிட்டன் ஜனநாயகமாக இருக்கிறது. சீனாவின் பெயரிலேயே குடியரசு இருக்கிறது. இந்திய அரசமைப்பின் முகப்புரை இரண்டு சொற்களையும் சேர்த்தே போட்டிருக்கிறது. பெரும்பான்மைக்கு வரம்பு போடுவதால் ஜனநாயகம் கெடுகிறது என்ற எண்ணமும் தவறு. பேச்சையும் பத்திரிகையையும் காக்கும் 1ஆம் திருத்தம் இல்லாமல் தேர்தலுக்கு என்ன பொருள்?

ஆனாலும் எதிர்த்தரப்புக்கு வலுவான இடங்கள் உண்டு. 2020 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் 5.77 லட்சம் பேர். செனட்டில் இரண்டுக்கும் தலா 2 இடம். ஒரு மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமல் இந்தச் சமத்துவத்தைப் பறிக்க முடியாதென்று 5ஆம் பிரிவு பூட்டும் போட்டிருக்கிறது. 2000இலும் 2016இலும் நாடு முழுக்கக் குறைவான வாக்கு பெற்றவரே, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்களில் 270ஐத் தாண்டி அதிபரானார். இவை உண்மையான குறைகள், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதிக வாக்கு பெற்றவருக்கே மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் என்ற விதியைப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. தேர்வாளரை நியமிக்கும் முறையை 2ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டிருக்கிறது. மெய்னும் நெப்ராஸ்காவும் தேர்வாளர்களைத் தொகுதிவாரியாகப் பிரிக்கின்றன. 38 மாநிலங்களின் சம்மதம் தேவைப்படும் திருத்தம் இல்லாமலே இதில் மாற்றம் செய்யலாம்.

புத்தகத்தின் பெரிய போதாமை 15ஆம் திருத்தத்தில் தெரியும். அதைப் படித்தால் 1870இலேயே கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சிக்கல் தீர்ந்ததுபோல இருக்கும். எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் காட்டித் தென் மாநிலங்கள் 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரை அவர்களைத் தடுத்துவைத்தது எந்தச் சட்டைப்பைப் பதிப்பின் மூல வாசகத்திலும் இராது. அதற்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விளக்கவுரைப் பதிப்பைத்தான் திறக்க வேண்டும். இணையத்தில் இலவசம், உட்பிரிவு வாரியாக உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளோடு இருக்கிறது. மாணவர்களோடு உட்கார்ந்து அடிக்கோடிட்டுப் படிக்கத் தாள் பதிப்பை வாங்குங்கள். ஒரு வரியைச் சரிபார்க்க மட்டும் என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் படி போதும்.