ஓப்பன்சைஎட் 6.2: ஒரு கோப்பையிலிருந்து வெப்பம் வரை

அமெரிக்காவின் ஓப்பன்சைஎட் அமைப்பு நடுநிலை வகுப்புகளுக்கு இலவசமாகத் தரும் அறிவியல் பாடத்தொகுப்புகளில் 6.2, வெப்ப ஆற்றல் பற்றியது. இதில் வரையறை முதலில் வருவதில்லை. மூடியும் இரட்டைச் சுவரும் கொண்ட கோப்பை ஒன்று, சாதாரண பிளாஸ்டிக் கோப்பை ஒன்று, இரண்டிலும் குளிர்பானம். ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் குளிர் விட்டுப்போகிறது என்று மாணவர்கள் படம் வரைந்து விளக்க வேண்டும். அந்தப் படம்தான் அவர்களுடைய மாதிரி. சோதனைக்குச் சோதனை அதைத் திருத்திக்கொண்டே போவதுதான் பாடம்.

மூடியின் வேலையைக் கண்டுபிடிக்கும் பகுதி அருமை. வெந்நீர்க் கோப்பையை மூடியோடும் மூடியில்லாமலும் எடைபோட்டால், திறந்த கோப்பையின் எடை குறைந்துகொண்டே வரும். ஆவியாகிப் போவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தராசில் தெரிகிறது. இதற்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராம் கணக்கில்தான் காட்டும். 200 மில்லி நீரில் சில நிமிடங்களில் குறைவது அதில் பதியாமலே போகலாம். "எடை மாறவில்லை" என்று பிள்ளைகள் எழுதிவிட்டால் அடுத்த படமும் தப்பாகத்தான் வரும்.

குளிர்ந்த கோப்பைக்கு வெளியே படியும் நீர் சுவர் வழியே கசிந்தது என்று பலர் வரைவார்கள். உள்ளே ஃபுட் கலர் கலந்துவிடுங்கள். வெளித்துளி நிறமில்லாமல் இருக்கும். கசிவு என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடும்.

கடினமான இடம் "குளிர் வெளியே போகிறதா, வெப்பம் உள்ளே வருகிறதா" என்ற கேள்வி. வெப்பநிலை அளவுகளை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது, இரண்டு படமும் பொருந்தும். வெந்நீரிலும் குளிர்நீரிலும் ஒரே அளவு சாயச் சொட்டு விட்டு, கலக்காமல் பார்க்க வேண்டும். வெந்நீரில் சாயம் வேகமாகப் பரவும். வெந்நீரின் துகள்கள் வேகமாக இயங்குகின்றன, மோதும்போது ஆற்றல் வேகமான துகளிலிருந்து மெதுவான துகளுக்குக் கைமாறுகிறது, ஆக வெப்பம்தான் உள்ளே வருகிறது என்ற படம் அதிலிருந்து உருவாகிறது. ஊற்றிய நீர் அசைவு அடங்குமுன் சொட்டுவிட்டால் இரண்டிலும் சாயம் சுழன்று கலந்துவிடும். இரண்டு நிமிடமாவது காத்திருங்கள்.

குறை, நேரம். வாரக்கணக்கில் இழுக்கும். அவசரத்தில் ஆசிரியர் துகள் படத்தை முதல் நாளே கரும்பலகையில் வரைந்துவிட்டால், பிறகு செய்யும் சோதனைகளில் பிள்ளைகளுக்குத் தேட எதுவும் இருக்காது. நேரம் இல்லையென்றால் கடைசியில் வரும் கோப்பை வடிவமைப்புப் போட்டியைச் சுருக்குங்கள்; எடை, சாயம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.