குடும்ப விடுமுறை: சிங்கப்பூரிலேயே இருப்பதா, வெளிநாடு போவதா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு விமான டிக்கெட் விலையில்தான் தொடங்குகிறது. அங்கே தொடங்கக் கூடாது. அப்பா, அம்மா, பிள்ளைகள், கூட வருவதாக இருந்தால் தாத்தா பாட்டி, இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தொடர்ந்தாற்போல் எத்தனை நாள் கிடைக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். மூன்று நாளோ அதற்குக் குறைவோ என்றால் சிங்கப்பூரே நல்லது. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தயங்காமல் வெளியே போகலாம். நான்கு நாள்தான் இழுபறி. அதைக் கடைக்குட்டியின் வயது தீர்மானிக்கும்: மூன்று வயதுக்குள் என்றால் உள்ளூர், பள்ளிக்குப் போகும் வயது என்றால் பக்கத்து நாடு.

பள்ளிக்கு மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஏறக்குறைய ஆறு வாரம் விடுமுறை. பெற்றோருக்கு அவ்வளவு ஏது? சட்டம் உறுதிசெய்யும் வருடாந்தர விடுப்பு முதல் ஆண்டில் 7 நாள், பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி 14 வரை போகிறது. பலர் மறந்துவிடுவது குழந்தைப் பராமரிப்பு விடுப்பை. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு 7 வயது ஆகவில்லை என்றால் தாய்க்கு 6 நாள், தந்தைக்கு 6 நாள். 7 முதல் 12 வயது வரை ஆளுக்கு 2 நாள். அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், எடுக்காவிட்டால் போனதுதான். இன்னொன்று: தொடக்கநிலை 6, உயர்நிலை 4 பிள்ளைகளுக்கு ஜூன் விடுமுறையின் தொடக்கத்தில் கூடுதல் வகுப்பு வைக்கும் பள்ளிகள் உண்டு. பள்ளியின் கடிதம் கைக்கு வரும்முன் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

மூன்று நாள் பயணத்தில் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

பேங்காக்கை எடுத்துக்கொள்வோம். காலை 9.30 விமானம் என்றால் 7 மணிக்குச் சாங்கியில் இருக்க வேண்டும். அதற்குப் பிள்ளைகளை ஐந்து மணிக்கே எழுப்ப வேண்டும். பறப்பது இரண்டரை மணி நேரம்தான். ஆனால் குடிநுழைவு வரிசை, பெட்டி, டாக்சி எல்லாம் முடிந்து விடுதிக்குப் போய்ச்சேரும்போது மதியம் ஆகிவிடும். அறையை 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். திரும்பும் நாளும் இதே கதை. மூன்று நாளில் ஒரு முழு நாளும் இரண்டு சோர்ந்த அரை நாளும் மிஞ்சும். அந்த ஒரு நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பயணமே போயிற்று. ஆறு நாள் பயணத்திலும் கழிவது அதே இரண்டு அரை நாள்கள்தான். ஆனால் முழுசாக நான்கு நாள் கையில் இருக்கும்.

உள்ளூரில் இந்த இழப்பு இல்லை. தெம்பனிசிலிருந்து செந்தோசா போவதற்கு ஒரு மணி நேரம் போதும். மழை வந்தால் திட்டத்தை மாற்றலாம், உடம்பு சரியில்லை என்றால் பழக்கப்பட்ட மருந்தகத்துக்கே போகலாம்.

பணம்

உள்ளூர் என்றால் மலிவு என்று எண்ணிக்கொண்டு இறங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். விடுதி விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 300 வெள்ளி அறை 359 வெள்ளி 70 காசில் முடியும். மாலை 3 மணிக்கு நுழைந்து மறுநாள் 11 மணிக்கு வெளியேறினால் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது 20 மணி நேரம். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் என்றால் பல விடுதிகளில் சாதாரண அறை போதாது, கூடுதல் படுக்கைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போடுங்கள். முகப்பில் நின்று வாதாடிப் பயனில்லை. வெள்ளி, சனி இரவுகளுக்கு விலை ஏறும். ஞாயிறு இரவு தங்கித் திங்கள் விடுப்பு எடுத்தால் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும், நீச்சல் குளத்திலும் கூட்டம் இருக்காது.

அதே சமயம், செலவே இல்லாமல் பார்க்கக் கூடியவை இங்கே எத்தனையோ. தேசிய அரும்பொருளகம், ஆசிய நாகரிக அரும்பொருளகம், கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணமின்றிப் போகலாம். மரினா கரையோரப் பூந்தோட்டத்தின் ஒளி ஒலிக் காட்சிக்கும், ஜுவல் சாங்கியின் 40 மீட்டர் நீர்வீழ்ச்சிக்கும் டிக்கெட் கிடையாது. 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமக்களுக்குத் தந்திருக்கும் 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் 2028 இறுதிவரை செல்லும். நாடகத்துக்கோ மரபுடைமை நடைக்கோ தாயும் தந்தையும் சேர்ந்து 200 வெள்ளி செலவழிக்கலாம். அதைத் தொடாமலே வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

வெளிநாட்டுச் செலவில் கவனம் தப்பும் இடம் டிக்கெட்டைச் சுற்றியிருப்பவை. மலிவு விலை விமானத்தில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்குப் பெரியவர் கட்டணமே ஏறக்குறைய ஆகும். போகும்போது இரண்டு வயது ஆகாமல், திரும்புவதற்குள் ஆகிவிட்டால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கியாக வேண்டும். பெட்டிக்கும் இருக்கைத் தேர்வுக்கும் தனித்தனிக் கட்டணம். கடன் அட்டையை வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. கடைக்காரர் இயந்திரத்தை நீட்டி 'சிங்கப்பூர் வெள்ளியா, உள்ளூர்ப் பணமா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். வெள்ளியைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் தரப்பு வைக்கும், அது எப்போதும் நமக்குப் பாதகம்தான்.

உள்ளூர் விடுமுறை ஏன் சப்பென்று போகிறது

வீட்டிலேயே படுத்து எழுந்தால் துணி மடிக்கும் வேலை கண்ணில் படும், அலுவலக மடிக்கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அம்மாவுக்கு மூன்று வேளைச் சமையல் இருக்கும். அவருக்கு அது விடுமுறையே அல்ல. அதனால் மூன்று நாள் உள்ளூர் விடுமுறையில் ஓர் இரவாவது வேறு கூரையின் கீழ் தூங்குங்கள். பாசிர் ரிஸ் கடலோர விடுதி வீடுகள், பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்றுக் கிழக்குக் கடற்கரையில் கூடாரம், எதுவானாலும் சரி. மற்ற இரண்டு நாளும் அடுப்பு மூட்டாதீர்கள். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. சமையலறை மூடாத வீட்டில் ஒருவர் விடுமுறையை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் புலாவ் உபின் தீவு. சாங்கி முனைப் படகுத் துறையில் கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், ஆளுக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளி. நால்வர் குடும்பம் இன்னும் எட்டுப் பேருக்குக் காத்திருக்க வேண்டும், அவசரம் என்றால் முழுப் படகுக்கும் 48 வெள்ளி கொடுக்கலாம். காலை எட்டு மணிக்குள் துறையில் இருந்தால் கூட்டமும் வெயிலும் குறைவு. கிராமத்துக் கடையில் சைக்கிள் எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து, பிள்ளையின் கால் தரையில் படும்படி இருக்கையை இறக்கச் சொல்லுங்கள். மேட்டில் ஏறுவதைவிட இறக்கத்தில்தான் விழுகிறார்கள். செக் ஜாவா மரப்பாதைக்குள் சைக்கிள் போகாது, வாசலில் நிறுத்த வேண்டும். நட்சத்திர மீனும் நண்டும் பார்க்க வேண்டுமானால் நீர்மட்டம் 0.5 மீட்டருக்கும் கீழே இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போய்விட்டு, 'ஒன்றுமே இல்லை' என்று திரும்புபவர்கள் பலர். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உணவை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கிவிடும், முதுகுப் பையில் வையுங்கள்.

ஜொகூர் என்ற நடுவழி

நீண்ட வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு மலேசியாவின் ஜொகூருக்குப் போவதைப் பலரும் சிக்கனமான வெளிநாட்டுப் பயணம் என்கிறார்கள். உண்மையில் இரண்டு பக்கத்துக் கெடுதலும் அதில்தான் சேர்கிறது. பண்டிகைக் காலத்தில் சோதனைச் சாவடியைக் கடக்க மூன்று மணி நேரம்வரை ஆனதுண்டு. காரில் கழிவறைக்கு அழும் பிள்ளையோடு அந்த மூன்று மணி நேரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். போகத்தான் வேண்டும் என்றால் பள்ளி விடுமுறையின் செவ்வாய், புதன் நாள்களில் போங்கள்.

சிங்கப்பூர் கார் கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லையேல் அபராதத்தோடு திருப்பி அனுப்புவார்கள். மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாத கார்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம். டச் அண்ட் கோ அட்டையில் பணம் குறைந்திருந்தால் சாலைக் கட்டணத் தடத்தில் பின்னால் நிற்பவர்களின் ஹார்ன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரிடும். நம் பக்கத்துச் சோதனைச் சாவடியில் கடப்பிதழுக்குப் பதிலாகக் காரில் உள்ள 10 பேர் வரைக்கும் ஒரே கியூஆர் குறியீடு போதும், அதை வீட்டிலேயே தயார் செய்துவிடுங்கள்.

எந்த மாதம், எந்தத் திசை

வெளிநாட்டு விடுமுறை கெடுவதற்கு முக்கியக் காரணம் தவறான நாடு அல்ல, தவறான மாதம். ஜூனில் பாலி நன்றாக உலர்ந்திருக்கும். புக்கெட்டில் அப்போது தென்மேற்குப் பருவக்காற்று, கடலில் இறங்க விடாமல் சிவப்புக் கொடி பறக்கும். அதே தாய்லாந்தின் கோ சமுய் பக்கம் பரவாயில்லை. ஆண்டிறுதியில் இது தலைகீழ்: புக்கெட் தெளிந்துவிடும், மலேசியாவின் தியோமான், ரெடாங் தீவுகளில் பல விடுதிகள் மூடிவிடும், தெசாரு கடல் கொந்தளிக்கும். சிங்கப்பூரிலும் டிசம்பர் மழை நாள் கணக்கில் நிற்காமல் பெய்யக்கூடியது. உள்ளூர் விடுமுறையைத் தீவிலும் பூங்காவிலும் வைக்க ஜூன்தான் நல்லது. செப்டம்பர் வாரத்தில் புகைமூட்டம் வரும் ஆண்டுகளும் உண்டு, ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் வெளிப்புறத் திட்டத்துக்கு மாற்று ஒன்று கையில் இருக்கட்டும்.

ஊருக்குப் போவதைத் தயவுசெய்து விடுமுறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ நான்கு மணி நேரப் பயணம்தான். ஆனால் கல்யாண வீடு, குலதெய்வக் கோயில், பார்க்காமல் வந்தால் கோபித்துக்கொள்ளும் பெரியப்பா வீடு என்று பத்து நாளும் ஓடிவிடும். அது கடமை, அன்பு, அவசியம். பிள்ளைகளுக்கு அந்த உறவு வேண்டும். ஓய்வு என்பது வேறு. நாள்களும் பொருந்துவதில்லை: ஜூனில் நம் பிள்ளைகள் போகும்போது அங்கே பள்ளி திறந்திருக்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடியும் கடைசி வாரம்தான் அக்கா பிள்ளைகளோடு விளையாடக் கிடைக்கும், அதற்கு முந்தைய வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வேறு. ஜூனில் போவதானால் குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நேரம். உறவினர் வீடுகளுக்கு நடுவே இரண்டு நாளை அங்கே குடும்பத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

திரும்பும்போது நகை வாங்கி வருபவர்கள் கவனிக்க: 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் ஆளுக்கு 500 வெள்ளிவரை வரிச்சலுகை, அதற்குள் திரும்பினால் 100 வெள்ளி மட்டுமே. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 2,500 வெள்ளி வளையல் என்றால் மிச்சம் 2,000க்கு 9 விழுக்காடு, 180 வெள்ளி கட்ட வேண்டும். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

பயணம் உறுதியானதும்

கடப்பிதழில் ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பிள்ளைகளுடையதை முதலில் பாருங்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது ஐந்தாண்டுதான், பெரியவர்களுக்குப் பத்து. நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதியின் தேதியைப் பார்க்காமல் விமானம் ஏறக் கூடாது, அது காலாவதியாகி வெளிநாட்டில் இருப்பவர் 180 நாளுக்குள் புதியதற்கு விண்ணப்பிக்காவிட்டால் நிரந்தரவாசத் தகுதியே போய்விடும். தாய் தந்தைக்கு இந்தியக் கடப்பிதழ், பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்று இருக்கும் வீடுகளில் விசா விதியை ஆளுக்கு ஆள் தனியாகப் பார்க்க வேண்டும். தாய்லாந்து 2025 மே முதல் மின்னியல் வருகை அட்டை கேட்கிறது, அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். நம் பெயர்களில் இன்னாரின் மகன், மகள் என்று குறிக்க வரும் 'எஸ்/ஓ', 'டி/ஓ' சாய்கோட்டை விமான நிறுவனங்களின் இணையத்தளங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள், குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி.

தாத்தா பாட்டி வருகிறார்கள் என்றால் காப்புறுதிதான் முடிவையே மாற்றக்கூடியது. சாதாரணப் பயணக் காப்புறுதி ஏற்கெனவே உள்ள நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோயால் வரும் செலவை ஏற்காது. அவற்றையும் சேர்த்த திட்டத்துக்கு விலை கூடுதல். நாட்டின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க முடியாவிட்டால், பெரியவர்களோடு போகும் பயணத்தை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை நாள் இருந்தாலும் சரி. வாங்குவதானால் டிக்கெட் எடுத்த அன்றே வாங்குங்கள். வாங்கிய பிறகு நேர்வதற்குத்தான் ரத்துத் தொகை கிடைக்கும். பாட்டி மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வாங்கினால் அந்தப் பயணத்துக்கு ஒன்றும் வராது. மருந்தை மருத்துவர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தவறாது.